படமும் வினைமுற்றும்: அறிவுப் படநூல்களின் தமிழாக்கத்தில் சில மொழியியல் சிக்கல்கள்

0. முன்னுரை

குழந்தைகளுக்கு உலகை அறிமுகப்படுத்தும் படநூல்கள் இருவகைக் குறிகளால் ஆனவை. ஒன்று படம், மற்றொன்று மொழி. கதை நூல்களில் மொழி முதலிடம் பெறப் படம் அதற்குத் துணையாக நிற்கலாம். யானை, எறும்பு, மழை, இலை, தச்சர், அஞ்சலகம் முதலியவற்றை விளக்கும் அறிவுப் படநூல்களில் இவ்வுறவு வேறானது. படம் ஒரு பொருளைக் காட்டுகிறது. தொடர் அப்பொருளின் இனத்தைப் பற்றி ஓர் உண்மையைக் கூறுகிறது. கண்முன் நிற்கும் ஒன்றிலிருந்து காணாத பலவற்றுக்குக் குழந்தையை அழைத்துச் செல்வது தொடரின் பணி.

இந்நூல்களுள் பெரும்பாலானவை இன்று ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதப்பட்டுப் பிற இந்திய மொழிகளில் பெயர்க்கப்படுகின்றன. ஒரு பக்கத்துக்கு இரண்டு அல்லது மூன்று தொடர்களே இருப்பதால் இம்மொழிபெயர்ப்பு எளிது என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. இவ்வெண்ணம் எத்துணைப் பொருந்தாதது என்பதனைத் தமிழின் வினைமுற்று, பெயர்ச்சொல், மரியாதை விகுதி, திணை ஆகிய நான்கு கூறுகளைக்கொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். நூல்களிலிருந்து மேற்கோள் எடுக்கப்படவில்லை; எடுத்துக்காட்டுத் தொடர்கள் அனைத்தும் விளக்கத்துக்காக அமைக்கப்பட்டவை.

1. படநூல் ஒரு மொழி நூலாகத் தோன்றியமை

உலகை அறியக் குழந்தைகளுக்கென்று உருவாக்கப்பட்ட படநூல்களின் வரலாற்றில் முதலிடம் பெறுவது மொராவியக் கல்வியாளர் ஜான் ஆமோஸ் கொமீனியஸ் (1592-1670) இயற்றிய 'ஓர்பிஸ் சென்சுவாலியம் பிக்டுஸ்' என்னும் நூல். 'புலன்களால் அறியப்படும் உலகின் படம்' என இப்பெயரைத் தமிழில் கூறலாம். 1658இல் ஜெர்மனியின் நூரம்பர்க் நகரில் இலத்தீனும் ஜெர்மனும் இணைந்த இருமொழி நூலாக இது வெளிவந்தது. மறு ஆண்டே சார்லஸ் ஹூல் என்பவரால் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டது. 150 இயல்களைக் கொண்ட இந்நூலில் ஒவ்வோர் இயலுக்கும் ஒரு மரச்செதுக்குப் படம் உண்டு. படத்தின் உறுப்புகளுக்கு எண்கள் இடப்பட்டு, அவ்வெண்களே தொடரிலுள்ள சொற்களுக்கு அருகிலும் தரப்பட்டன. குழந்தை சொல்லிலிருந்து படத்துக்கும், படத்திலிருந்து மற்றொரு மொழியின் சொல்லுக்கும் செல்ல இவ்வெண்கள் வழிசெய்தன.

இங்கு இரண்டு செய்திகள் மொழியியலார் கருத்துக்கு உரியவை. முதலாவது, இந்நூல் தோன்றும்போதே மொழி கற்பிக்கும் நூலாகவும் இருமொழி நூலாகவும் தோன்றியது. மொழிபெயர்ப்பு பின்னர் வந்து சேர்ந்ததன்று. இரண்டாவது, படம் எம்மொழிக்கும் பொதுவானது, சொல் மட்டுமே மாறுவது என்னும் கருத்து இந்நூலின் அமைப்பிலேயே அடங்கியிருந்தது. பின்வந்த படநூல் மொழிபெயர்ப்புகள் பெரும்பாலும் இக்கருத்தையே அடிப்படையாகக் கொண்டுள்ளன. பெயர்ச்சொற்களை மட்டும் நோக்கின் இக்கருத்து ஓரளவு பொருந்தும். ஆனால் தொடர் என்று வந்தவுடன் ஒவ்வொரு மொழியும் தன் இலக்கணத்தின் வழியாகவே படத்தைப் பார்க்கச் செய்கிறது.

2. அச்சுமுறையும் மொழிபெயர்ப்பும்

இந்தியாவில் சங்கர் நிறுவிய குழந்தைகள் புத்தக அறக்கட்டளை, நேஷனல் புக் டிரஸ்ட் ஆகிய இரண்டும் 1957இல் தொடங்கப்பட்டன. பின்னதன் 'நேரு பால புஸ்தகாலயா' வரிசை, ஒரே படங்களுடன் பல இந்திய மொழிகளில் நூல்களை வெளியிடும் முறையை வேரூன்றச் செய்தது. 1996இல் சென்னையில் தொடங்கப்பட்ட தூலிகா பதிப்பகம் ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் படநூல்களை வெளியிட்டது. இருமொழிப் படநூல்களையும் கொணர்ந்தது. பெங்களூரில் 2004இல் தோன்றிய பிரதம் புக்ஸ் 2015இல் 'ஸ்டோரிவீவர்' என்னும் திறந்த உரிமத் தளத்தை ஏற்படுத்தியது. இதன்பின் பயிற்சிபெற்ற மொழிபெயர்ப்பாளரேயன்றி, ஆர்வமுள்ள ஆசிரியர்களும் பெற்றோரும் படநூல்களைப் பெயர்க்கத் தொடங்கினர்.

பன்மொழிப் பதிப்புக்குப் பின்னால் ஒரு பொருளாதாரக் காரணம் உண்டு. வண்ண அச்சில் நான்கு தகடுகள் பயன்படுகின்றன. எழுத்தைக் கறுப்பில் மட்டும் அமைத்தால், பிற மூன்று தகடுகளை எல்லா மொழிகளுக்கும் பொதுவாக வைத்துக்கொண்டு கறுப்புத் தகட்டை மட்டும் மாற்றினால் போதும். வண்ணப்படங்களின் செலவு பல மொழிகளுக்குப் பகிரப்படுவதால் நூலின் விலை குறைகிறது. இதன் விளைவாகத் தொடருக்கு ஒதுக்கப்படும் இடம் மூலமொழியின் அளவுக்கே அமைந்துவிடுகிறது. வேற்றுமை உருபுகளையும் துணைவினைகளையும் சொல்லுடன் ஒட்டி எழுதும் தமிழில் சொற்கள் நீளமானவை. ஒரு வரியில் அடங்கும் ஆங்கிலத் தொடர் தமிழில் இரண்டு வரிகளை வேண்டும். இடம் போதாதபோது மொழிபெயர்ப்பாளர் எதனை விடுவது என முடிவு செய்ய நேர்கிறது. அம்முடிவு இலக்கண அறிவுடன் எடுக்கப்படாவிடில், நூலின் அறிவுப்பொருளே விடுபட்டுப் போகலாம்.

3. படம் தனிப்பொருள், தொடர் வகைப்பொருள்

ஒரு சொல்லைக் கேட்டுச் சுட்டப்படும் பொருளைப் பார்க்கும் ஒருவர் அச்சொல்லின் பொருளை எவ்வாறு உறுதிசெய்கிறார் என்னும் வினாவைக் குவைன் 1960இல் எழுப்பினார். முயலைக் காட்டி ஒரு சொல் கூறப்பட்டால், அது முயலையா, அதன் உறுப்பையா, அதன் ஓட்டத்தையா குறிக்கிறது என்பது சுட்டலால் மட்டும் தெளிவாவதில்லை. படநூலில் இவ்வினாவுடன் மற்றொன்றும் சேர்கிறது. கூறப்படும் செய்தி படத்திலுள்ள இந்த முயலைப் பற்றியதா, முயல் என்னும் இனத்தைப் பற்றியதா என்பதே அது.

நினியோ, புரூனர் ஆகியோர் 1978இல் வெளியிட்ட ஆய்வு, தாயும் குழந்தையும் படநூல் பார்க்கும்போது நிகழும் உரையாடல் ஓர் ஒழுங்குடைய சுழற்சியாக அமைவதைக் காட்டியது. கவனத்தை ஈர்த்தல், வினவுதல், பெயர் கூறுதல், குழந்தையின் மறுமொழியை ஏற்றல் என அது அமைகிறது. சூசன் கெல்மனும் உடனாய்வாளர்களும் 1998இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடுத்த படியை ஆராய்ந்தது. ஆங்கிலம் பேசும் தாய்மார் படநூலைப் பார்த்துப் பேசும்போது, பெயர் கூறுவதுடன் நில்லாமல் இனத்தைப் பற்றிய பொதுக்கூற்றுகளையும் இடையிடையே கூறுகின்றனர் என்பதும், இத்தகைய கூற்றுகள் செயற்கைப் பொருள்களைவிட விலங்குகளைப் பற்றியே மிகுதி என்பதும் அதன் முடிவுகளுள் அடங்கும். உலகைப் பற்றிய குழந்தையின் அறிவு இத்தகைய கூற்றுகளின் வழியாகவும் வளர்கிறது.

3.1 தமிழில் வகைப்பொதுக் கூற்று

ஆங்கிலம் வகைப்பொதுமையைப் பெயர்ச்சொல்லின் பன்மையாலும் சுட்டிடைச்சொல்லின் இன்மையாலும், தொடர்வினை அல்லாத எளிய நிகழ்கால வடிவத்தாலும் உணர்த்துகிறது. தமிழில் பெயர்ச்சொல் இதனை வெளிப்படையாகக் காட்டுவதில்லை. 'யானை' என்னும் சொல் ஒரு யானையையும் குறிக்கும். யானை இனத்தையும் குறிக்கும். வேறுபாட்டை உணர்த்தும் பொறுப்பு பெரிதும் வினைமுற்றைச் சார்ந்தது.

அ) யானை தழை தின்கிறது.
ஆ) யானை தழை தின்னும்.

படம் அருகில் இருக்கும்போது (அ) படத்திலுள்ள யானையின் செயலைக் கூறுவதாகவே கொள்ளப்படும். (ஆ) யானை என்னும் இனத்தின் இயல்பைக் கூறும். 'செய்யும்' என்னும் இவ்வாய்பாட்டு வடிவம் இன்றைய தமிழில் அஃறிணை ஒருமை, பன்மை இரண்டுக்கும் பொதுவாக வருவது. எதிர்காலத்தையும் வழக்கத்தையும் இயல்பையும் குறிப்பது. எண்ணாலும் காலத்தாலும் வரையறுக்கப்படாத இவ்வடிவம் இனத்தின் இயல்பைக் கூறுதற்கு மிகவும் பொருந்துவதாகும்.

இவ்வுண்மையைத் தமிழ் இலக்கணிகள் நெடுங்காலத்துக்கு முன்னரே கண்டுள்ளனர். முக்காலத்திலும் ஒரே தன்மையாக நிகழும் பொருள்களைப் பற்றிக் கூறும்போது நிகழ்காலத்துப் பொதுச்சொல்லால் கூறவேண்டும் எனத் தொல்காப்பிய வினையியல் விதிக்கிறது. உரையாசிரியர்கள் 'செய்யும்' வடிவத்தையே இதற்கு எடுத்துக்காட்டுவர். நன்னூல் அத்தகைய பொருள்களை நிகழ்காலத்தால் கூறுவர் என்று மட்டும் குறிப்பிட, அதன் உரைகாரர்கள் 'கின்று' இடைநிலை பெற்ற வடிவங்களைக் காட்டுவர். சங்க இலக்கியத்தில் மிக அரிதாயிருந்த இவ்விடைநிலை பக்தி இலக்கியக் காலத்தில் பரவியது. இவ்வரலாற்று மாற்றம் இரு நூல்களின் விளக்கங்களுக்கிடையே உள்ள வேறுபாட்டில் புலப்படுகிறது. இதன் பயனாக இன்றைய தமிழில் இயல்பைக் கூறுதற்கு இரண்டு வழிகள் உள்ளன.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். 'பூமி சூரியனைச் சுற்றுகிறது' என்பது பாடநூல் வழக்கு. இது பிழையாகுமா என்பது அம்மறுப்பு. பிழையன்று. பூமி ஒன்றே ஆதலின் தனிப்பொருள், வகைப்பொருள் என்னும் மயக்கம் அங்கு இல்லை. மேலும், படமற்ற உரைநடையில் பெயர்ச்சொல் எந்தத் தனிப்பொருளையும் சுட்டாமையால் 'கிறு' வடிவமும் இயல்பையே உணர்த்தும். மயக்கம் தோன்றுவது படத்தின் அருகில்தான். படமே ஒரு சுட்டாகச் செயற்பட்டு, 'யானை' என்பதனை 'இந்த யானை' ஆக்கிவிடுகிறது. எனவே, ஒரே வினைமுற்று கட்டுரையில் வகைப்பொதுமையையும் படநூலில் தனிநிகழ்ச்சியையும் உணர்த்துதல் கூடும். மொழிபெயர்ப்பாளர் தொடரை மட்டும் தட்டச்சுத் தாளில் வைத்துப் பெயர்க்கும்போது இவ்வேறுபாடு கண்ணுக்குப் படுவதில்லை.

பேச்சு வழக்கும் இதற்குச் சான்று பகர்கிறது. படத்தைக் காட்டிக் குழந்தையை வினவும் தமிழர் 'காக்கா எப்படிக் கத்தும்?', 'மாடு என்ன தரும்?' என்றே வினவுவர். 'கத்துகிறது' என்று வினவின், அங்கு ஒரு காக்கை கத்திக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே, 'உம்' ஈற்று வடிவத்தை இனத்தின் இயல்பைக் கூறும் வடிவமாகக் குழந்தை வீட்டிலேயே கேட்டுப் பழகியுள்ளது. நூல் அவ்வறிவைப் பயன்கொள்ள வேண்டுமேயன்றிப் புறந்தள்ளுதல் கூடாது.

நல்ல படநூலில் இரண்டு வடிவங்களுக்கும் இடமுண்டு. பின்வரும் பகுதியைக் காண்க.

இ) இதோ ஓர் எறும்பு. இது ஓர் அரிசியைத் தூக்கிச் செல்கிறது. எறும்பு தன் எடையைப்போலப் பல மடங்கு எடையைத் தூக்கும்.

முதலிரு தொடர்கள் படத்தை விவரிக்கின்றன. மூன்றாவது இனத்தைப் பற்றிய அறிவைத் தருகிறது. 'செல்கிறது', 'தூக்கும்' என்னும் வினைமாற்றமே குழந்தையைப் படத்திலிருந்து உலகுக்கு இட்டுச்செல்லும் படியாகும். மூன்று தொடர்களையும் 'கிறது' என முடித்தால் சொற்பொருள் சிதையாது. ஆனால் அந்தப் படி மறைந்துவிடும்.

பிற இந்திய மொழிகளுடன் ஒப்பிடின் இது மேலும் தெளிவாகும். இந்தியில் 'காதா ஹை' என்பது வழக்கத்தையும் 'கா ரஹா ஹை' என்பது நிகழ்ந்துகொண்டிருக்கும் செயலையும் குறிக்கின்றன. கன்னடத்தில் 'தின்னுத்ததெ', 'தின்னுத்திதெ' என்பனவும், தெலுங்கில் 'திண்டுந்தி', 'திண்டோந்தி' என்பனவும் ஏறத்தாழ இவ்வேறுபாட்டைக் காட்டுவன. மலையாளத்தில் தமிழைப்போலவே 'உம்' ஈற்று வடிவம் வழக்கத்துக்கும் எதிர்காலத்துக்கும் வருகிறது. இந்தியிலிருந்து பெயர்ப்போர் 'காதா ஹை' என்பதிலுள்ள 'ஹை' என்னும் நிகழ்காலத் துணைவினையை நோக்கித் 'தின்கிறது' என எழுதுவது எளிதில் நேரும் பிழை. வடிவத்துக்கு வடிவம் பொருத்தாமல் பயன்பாட்டுக்குப் பயன்பாடு பொருத்தினால் 'தின்னும்' என்பதே ஈடாகும்.

3.2 எதிர்மறை

எதிர்மறையில் தமிழ் மூன்று வடிவங்களை வேறுபடுத்துகிறது.

ஈ) தீக்கோழி பறக்கவில்லை.
உ) தீக்கோழி பறப்பதில்லை.
ஊ) தீக்கோழி பறக்காது.

(ஈ) குறிப்பிட்ட ஒரு நிகழ்ச்சியின் இன்மையைக் கூறுகிறது. படத்திலுள்ள தீக்கோழி இப்போது பறக்கவில்லை, நாளை பறக்கலாம் என்னும் கருத்துக்கு அது இடந்தருகிறது. (உ) வழக்கமின்மையைக் கூறும். (ஊ) இயல்பின்மையைக் கூறும். ஆங்கிலத்தின் ஒரே எதிர்மறை வடிவத்துக்குத் தமிழில் 'பறக்கவில்லை' என எழுதப்படின், நூல் கூறவந்த உயிரியல் உண்மை ஒரு தற்செயல் நிகழ்ச்சியாகிவிடும். மேலும் 'பறக்காது' என்பது மூன்றினுள் சுருக்கமானது. இடக்குறைவு என்னும் சிக்கலுக்கும் அதுவே விடையாகிறது.

3.3 எண்

ஆங்கிலத்தில் வகைப்பொதுக்கூற்று பெரும்பாலும் பன்மையில் வருதலின், 'யானைகள்', 'எறும்புகள்', 'இலைகள்' எனத் தமிழிலும் பன்மை விகுதி தொடர்ந்து இடம்பெறுகிறது. அஃறிணையில் 'கள்' விகுதி கட்டாயமன்று. 'யானை கூட்டமாக வாழும்' என்பது இயல்பான தமிழ். ஒரே யானையின் படத்துக்குக் கீழே 'யானைகள்' என்னும் சொல்லைக் காணும் குழந்தை, படத்தில் இல்லாத பிற யானைகளைத் தேடக்கூடும். பலவற்றை எண்ணிக்காட்டும் இடங்களுக்குக் 'கள்' விகுதியை ஒதுக்கி, இனத்தைக் குறிக்குமிடத்தில் விகுதியின்றி எழுதுவது தெளிவுக்கு வழியாகும்.

4. பெயரிடலும் சொல்வளமும்

ஒரு பொருளைப் பல நிலைகளில் பெயரிடலாம். காக்கையைக் 'காக்கை' எனலாம், 'பறவை' எனலாம், 'உயிரி' எனலாம். இவற்றுள் மக்கள் இயல்பாகத் தேர்ந்தெடுப்பதும், குழந்தைகள் முன்னதாகக் கற்பதும் ஓர் இடைநிலைப் பெயரே என்பதனை எலினோர் ரோஷும் உடனாய்வாளர்களும் 1976இல் காட்டினர். அது அடிப்படை நிலை எனப்படும். எந்த நிலை அடிப்படை நிலை என்பது ஒரு சமுதாயத்தின் அனுபவத்தையும் சார்ந்தது. எனவே இருமொழிகளின் சொற்கள் ஒரே நிலையில் நிற்கும் என்பதற்கு உறுதியில்லை.

இலைகளைப் பற்றிய ஒரு படநூலைக் கருதலாம். வேம்பு, தென்னை, கரும்பு, நெல் ஆகியவற்றின் படங்களுக்கு ஆங்கில நூல் ஒரே சொல்லைப் பயன்படுத்தும். தமிழிலோ வேம்புக்கு இலை, தென்னைக்கு ஓலை, கரும்புக்குத் தோகை, நெல்லுக்குத் தாள் என வேறு வேறு சொற்கள் உள்ளன. இத்தகைய சொல்வளத்தைத் தேவநேயப் பாவாணர் விரிவாகத் தொகுத்துக் காட்டியுள்ளார். மாவின் பிஞ்சு வடு, பலாவின் பிஞ்சு மூசு, வாழையின் பிஞ்சு கச்சல், தென்னையின் பிஞ்சு குரும்பை என்பனவும் அவர் தொகுத்தவற்றுள் அடங்குவன. 'தென்னை இலை' என மூலத்தைப் பின்பற்றினால் சிற்றூர்க் குழந்தை நகைக்கும். 'ஓலை' என்று மட்டும் எழுதினால், வடிவத்தால் வேறுபட்ட இவை அனைத்தும் இலையே என நூல் உணர்த்தவந்த அறிவியல் கருத்து மறையும். 'ஓலை என்பது தென்னையின் இலை' என்னும் தொடர் இரண்டையும் காக்கிறது. குழந்தை அறிந்த சொல்லிலிருந்து அறியாத வகைப்பாட்டுக்கு அது பாலமாகிறது. மூலத்தில் இல்லாத இத்தொடரைச் சேர்ப்பது மொழிபெயர்ப்பாளரின் வரம்பு மீறலன்று. தமிழ்ச் சொல்லமைப்பு வேண்டும் விளக்கமேயாகும்.

விலங்குகளின் இளமைப்பெயர்களும் இத்தகையன. தொல்காப்பிய மரபியல் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பது பெயர்களைக் கூறி, எது எதற்கு உரியது எனவும் வகுக்கிறது. இவற்றுட் பல இன்று வழக்கிழந்தன. எனினும் பசுவுக்குக் கன்று, நாய்க்குக் குட்டி, கோழிக்குக் குஞ்சு என்னும் வேறுபாடு உயிருடன் உள்ளது. அனைத்துக்கும் 'குழந்தை' அல்லது 'குட்டி' எனப் பொதுச்சொல் இடுவது குழந்தை ஏற்கெனவே அறிந்த அறிவைக் குறைப்பதாகும். மரபுச்சொல்லைப் பின்பற்றும்போதும் கவனம் வேண்டும். 'கீரிப்பிள்ளை', 'அணில்பிள்ளை' என்பன இன்று வளர்ந்த விலங்குகளுக்கே பெயராகிவிட்டன. ஆகவே இளங்கீரியைக் குறிக்கக் 'கீரிக்குட்டி' என எழுதுதலே தெளிவாகும்.

அரிச்சுவடிப் படநூல்கள் இவ்வகையினின்றும் வேறானவை. அங்கு சொல் எழுத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்படுகிறது. ஒகரத்துக்கு ஒட்டகம் வருவது ஒட்டகம் தமிழ்க் குழந்தையின் உலகில் உள்ளதனால் அன்று. ஐகாரத்துக்கு 'ஐவர்' என வரையப்படும் படத்தைக் கண்டு குழந்தை 'ஆட்கள்' என்று கூறினால் அது குழந்தையின் பிழையுமன்று. இத்தகைய நூல்களில் சொல்லையோ படத்தையோ தமிழுக்கென்று புதிதாக அமைக்க வேண்டுமேயன்றிப் பெயர்க்க முயலுதல் பயனற்றது.

5. தொழில் செய்வோரும் மரியாதை விகுதியும்

நம்மைச் சூழ்ந்து தொழில் செய்வோரை அறிமுகப்படுத்துவது படநூல்களின் நிலையான பொருள்களுள் ஒன்று. ஆங்கிலத்தில் பானை செய்பவருக்கும் மருத்துவருக்கும் வினைவடிவம் ஒன்றே. தமிழில் 'அன்', 'அள்', 'அர்', 'ஆர்' முதலிய விகுதிகளுள் ஒன்றைத் தேர்ந்தேயாக வேண்டும். இலக்கணம் இதில் நடுநிலைக்கு இடம் தருவதில்லை.

எ) மருத்துவர் மருந்து தருகிறார்.
ஏ) உழவன் வயலை உழுகிறான்.

இவ்விரு தொடர்களும் அடுத்தடுத்த பக்கங்களில் வரும் நூல் உழவையும் மருத்துவத்தையும் மட்டும் கற்பிப்பதன்று. யாருக்கு 'ஆர்', யாருக்கு 'ஆன்' என்பதனையும் சேர்த்துக் கற்பிக்கிறது. மூலநூலில் இல்லாத இவ்வேற்றத்தாழ்வு மொழிபெயர்ப்பில் புகுகிறது. உழவரின் குழந்தை அப்பக்கத்தைப் படிக்கும்போது தன் தந்தையை 'ஆன்' விகுதியில் காண்கிறது. மொழிபெயர்ப்பாளர் தீங்கு கருதி இவ்வாறு எழுதுவதில்லை. பழகிய வழக்கு கையை இட்டுச்செல்கிறது. ஆதலின் இது தனிமனிதரின் மனப்பான்மைக்கு விடப்படாமல் பதிப்பகத்தின் நடைநெறியில் இடம்பெற வேண்டிய ஒன்றாகும். தொழில் செய்வோர் அனைவருக்கும் 'ஆர்' விகுதியே வருதல் வேண்டும் என்பது எளிய விதி. இந்தியில் பெயர்ப்போருக்கும் 'பனாதா ஹை', 'பனாதே ஹைன்' என்னும் வடிவங்களுக்கிடையே இதே தேர்வு காத்திருக்கிறது.

பெயர்ச்சொல்லிலும் இச்சிக்கல் உண்டு. குயவர், வண்ணார், நாவிதர் என்னும் சொற்கள் தொழிலையும் சாதியையும் ஒருங்கே குறிப்பன. ஆங்கில மூலம் தொழிலை மட்டுமே குறிக்கிறது. 'பானை செய்பவர்', 'துணி வெளுப்பவர்', 'முடி வெட்டுபவர்' என வினையாலணையும் பெயரால் எழுதும்போது தொழில் நிற்கிறது, பிறப்பு நீங்குகிறது. இவ்வமைப்புக்கு மற்றொரு நன்மையும் உண்டு. உயர்திணையில் 'செய்யும்' வடிவம் இன்றைய வழக்கில் வாராமையால், 'செய்வார்' என்பது எதிர்காலத்துக்கும் வழக்கத்துக்கும் பொதுவாகி மயக்கம் தரலாம். 'இவர் பானை செய்பவர்' என்பதில் அம்மயக்கம் இல்லை.

'ஆர்' விகுதி ஆண், பெண் இருபாலுக்கும் பொது. மூலத்தில் மருத்துவர் பெண் எனப் பதிலிடுபெயரால் உணர்த்தப்பட்டிருப்பின், தமிழில் அது மறைகிறதே என்னும் கவலை எழலாம். இங்குப் படம் துணைசெய்கிறது. பெண்ணின் படத்தின் கீழே 'மருத்துவர்' என்று நிற்கும்போது, 'பெண் மருத்துவர்' எனத் தனித்துக் கூறாமலே அச்செய்தி குழந்தையைச் சேர்கிறது.

6. விலங்கும் திணையும்

விலங்குகள் பேசுவதாக எழுதப்படும் நூல்கள் உலகறிவைத் தருமா, குழப்புமா என்பது உளவியலாரிடையே விவாதிக்கப்படும் பொருள். விலங்குகளை மனிதரைப்போலக் காட்டும் மொழியைக் கேட்ட குழந்தைகள், உண்மை விலங்குகளுக்கும் மனிதப் பண்புகளை ஏற்றிக் கூறும் போக்குடையவராயினர் என்பதனைப் பெட்ரிஷியா கேனியாவும் உடனாய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

இவ்வகையில் தமிழ் மொழிபெயர்ப்பாளருக்குத் தம் மொழியே ஒரு கருவியைத் தந்துள்ளது. ஆங்கில நூல் ஆமையை ஆணாகவோ பெண்ணாகவோ பதிலிடுபெயரால் குறித்தாலும், தமிழில் 'ஆமை சொன்னது', 'அது நடந்தது' என அஃறிணை முடிபே இயல்பானது. கதையில் விலங்கு பேசினாலும் வினைமுற்று அதனை விலங்காகவே நிறுத்துகிறது. கதை நூலில் 'நரியார்', 'யானை மாமா' என எழுதிச் சுவையூட்டலாம். அறிவு நூலில் அவ்வாறு எழுதுவது, தமிழ் இயல்பாகத் தரும் தெளிவை வேண்டுமென்றே இழப்பதாகும். முட்டையிடுதல் போன்ற செய்திகளில் பால் வேறுபாடு இன்றியமையாதாயின் 'பெண் ஆமை', 'தாய் ஆமை' எனப் பெயரில் காட்டி, வினையை அஃறிணையிலேயே முடிக்கலாம்.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன:

(1) அறிவுப் படநூலில் படம் தனிப்பொருளைச் சுட்டுவது; தமிழில் அதனை இனத்தின் இயல்பாக உயர்த்துவது பெரும்பாலும் வினைமுற்றே. அஃறிணையில் 'செய்யும்' வடிவமும், எதிர்மறையில் 'செய்யாது' வடிவமும் இதற்கு உரியவை. 'கிறு' வடிவம் படத்தை விவரிக்கும் இடங்களில் நிற்றல் வேண்டும்.

(2) பன்மை விகுதி எண்ணிக்கைக்கு உரியது, வகைப்பொதுமைக்குக் கட்டாயமன்று.

(3) தமிழின் நுண்ணிய பெயர்களும் அறிவியலின் பொதுப்பெயர்களும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. இரண்டையும் இணைக்கும் தொடரை அமைத்தல் மொழிபெயர்ப்பாளரின் பணியாகும்.

(4) மரியாதை விகுதியும் தொழிற்பெயர்களும் நூலின் சமுதாய அறிவில் ஒரு பகுதியாதலின், அவற்றுக்குப் பதிப்பகங்கள் எழுத்து வடிவில் நடைநெறி வகுத்தல் வேண்டும்.

(5) படநூலைப் பெயர்ப்பவருக்குத் தொடர்கள் மட்டும் தனித்தாளில் தரப்படுதல் கூடாது. பக்கம் முழுவதும், படத்துடன், அவர் முன் இருத்தல் வேண்டும். பெயர்த்தபின் குழந்தைகளிடம் படித்துக்காட்டி, 'எல்லா யானையும் இப்படியா, இந்த யானை மட்டுமா?' என வினவிப் பார்ப்பது எளிய சோதனையாகும்.

மூன்று வயதுக் குழந்தை ஒரு பக்கத்தில் காண்பது ஒரு படமும் ஒரு தொடருமே. அக்குழந்தை யானையை நேரில் பார்க்கும் நாள் பின்னர் வரலாம்; கடலாமையையும் தீக்கோழியையும் பார்க்கும் நாள் வாராமலும் போகலாம். அதுவரை அவற்றைப் பற்றிய அதன் அறிவுக்கு அத்தொடரே அடிப்படை. அதன் இறுதியில் 'பறக்கவில்லை' என நிற்பதும் 'பறக்காது' என நிற்பதும் ஒன்றல்ல என்பதனை மொழிபெயர்ப்பாளர் உணர்வாராயின், படநூல் தமிழாக்கத்தின் தரம் உயர்வதற்கு அதுவே நல்ல தொடக்கமாக அமையும்.